மாரியம்மாளின் படகும் பொன்முடி பஸ்ஸும்

செய்தி வந்தபோது நான் கழக்கூட்டம் மேம்பாலத்துக்குக் கீழே நெரிசலில் மாட்டிக்கொண்டிருந்தேன். ஆபீஸிலிருந்து பினு கூப்பிட்டான். "சாரே, மாரி சேச்சி போயி. ராத்திரி உறக்கத்தில ஹார்ட் நின்னுட்டதாம்" என்றான். எனக்கு முதலில் வந்தது கோபம்தான். முந்தின நாள் மாலைதான் மாரியம்மாள், நான் வரைந்திருந்த ஒரு படிக்கட்டைப் பார்த்துவிட்டு, "சாரே, இது இறங்கறதுக்கா, விழறதுக்கா?" என்று கேட்டு எல்லோர் முன்னாலும் என் மானத்தை வாங்கியிருந்தார். அதற்குச் சரியான பதில் ஒன்றை இரவெல்லாம் யோசித்துத் தயார் செய்துகொண்டு போய்க்கொண்டிருந்தேன். இனி அதைச் சொல்ல ஆள் இல்லை என்பது, பின்னால் நின்ற லாரிக்காரர் ஹாரன் அடித்து என்னைக் கிளப்பிய பிறகுதான் உறைத்தது. வண்டியை ஓரங்கட்டிவிட்டு அழுதேன்.

அவரை அறிந்தவர்கள் இதை அழுதுகொண்டு படிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அழுகையை நான் ஏற்கெனவே முடித்துவிட்டேன். தவிரவும், மாரியம்மாளை நினைத்தால் பாதியிலேயே சிரிப்பு வந்துவிடும்.

அறியாதவர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன். நாங்கள் இருவரும் ஒரே வாரத்தில் ஒரே ஆபீஸில் சேர்ந்தவர்கள். நெடுந்தூரக் கடல் பயணத்துக்கான உல்லாசப் படகுகளை வடிவமைப்பது எங்கள் தொழில். இந்தப் படகுகளுக்குப் பாய் கிடையாது, டீசல் எஞ்சின்தான். ஒரு தடவை டாங்கை நிரப்பினால் நிதானமாக ஒரு சமுத்திரத்தைத் தாண்டிவிடும். உள்ளே இரண்டு பேர் சொந்த வீட்டில் இருப்பதுபோலச் சமைத்து, தூங்கி, சண்டை போட்டுக்கொண்டு வாரக்கணக்கில் போகலாம். கல்யாண வீடுகளில் யாராவது எங்கள் வேலையைக் கேட்டால், அடுத்த கேள்வி "ஹவுஸ்போட்டா?" என்பதுதான். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு விளக்கம் சொல்ல ஆரம்பிப்பேன். மாரியம்மாள், "ஆமா, அதேதான் கேட்டோ" என்று சொல்லிவிட்டு நேரே பந்திக்குப் போய்விடுவார். படகின் உடல், எடை, ஆட்டம் எல்லாம் அவர் கணக்கு. உள்ளே இருக்கும் அறைகள் என் கணக்கு. அதாவது, சம்பளப் பட்டியலில் அப்படித்தான் இருந்தது. நடைமுறையில் என் அறைகளுக்குள் அவர் கேட்காமலேயே புகுந்து கட்டிலை நகர்த்துவார்.

ஆபீஸ் கூடத்தில் தரை முழுவதும் அவர் ஒட்டிய டேப்தான் இருக்கும். திரையில் பார்த்து எதையும் ஒப்புக்கொள்ள மாட்டார். படுக்கையறை, சமையலறை, கக்கூஸ் எல்லாவற்றையும் நிஜ அளவில் தரையில் டேப்பால் வரைந்து, கண்ணை மூடிக்கொண்டு அதற்குள் நடந்து பார்ப்பார். எங்கள் கணக்காளர் கொஞ்சம் கனத்த உடம்புக்காரர். அவரைக் 'கட்டிலில்' படுக்கவைத்து, புரண்டு படுக்கச் சொல்வார். ஒருநாள் வங்கியிலிருந்து மேலாளர் வந்திருந்தார். தரையில் டேப்புக்குள் கணக்காளர் கிடப்பதைப் பார்த்துவிட்டு, ஏதோ போலீஸ் விசாரணை என்று நினைத்து வாசலிலேயே நின்றுவிட்டார். அவருக்கு டீ கொடுத்து உள்ளே அழைத்துவரப் பெரும்பாடாகிவிட்டது.

மாரியம்மாள் பிறந்து வளர்ந்தது போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருப்பான லயத்தில். கல்லூரிக்குப் போகும்வரை கடலைப் பார்த்ததில்லை. ஆனால் பஸ்ஸில் வாந்தி எடுப்பதில் அவரை மிஞ்ச தோட்டத்தில் ஆள் கிடையாதாம். மலைப்பாதையில் இறங்கி விதுரைக்குப் பள்ளிக்கூடம் போய்வந்த காலத்தில், பஸ்ஸின் ஒவ்வொரு சீட்டிலும் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். ஜன்னலோரம், டிரைவர் பக்கம், கடைசி வரிசை என்று எல்லாம் பார்த்துவிட்டு, முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் இருக்கிற சீட்டில்தான் வயிறு சும்மா இருக்கும் என்று கண்டுபிடித்தாராம். "என்னோட முதல் ஆராய்ச்சி அதுதான் சாரே. கைடும் கிடையாது, பட்டமும் கிடையாது" என்பார். கொச்சியில் கப்பல் வடிவமைப்புப் படித்தபோது, கப்பலின் ஆட்டம் பற்றிய பாடத்தில் வகுப்பே திருதிருவென்று விழித்துக்கொண்டிருக்க, இவருக்கு மட்டும் பழைய பஸ் கண்முன் ஓடியிருக்கிறது.

படகு கொஞ்சமும் ஆடக் கூடாது என்றுதான் வாடிக்கையாளர்கள் எல்லோரும் கேட்பார்கள். ஆடாத படகு உண்டா? விறைப்பாகச் செய்தால், அலை தட்டிய மறுகணம் வெடுக்கென்று நிமிரும். உள்ளே இருப்பவருக்குக் குடல் வாய்க்கு வந்துவிடும். மெதுவாகச் சாய்ந்து மெதுவாக நிமிர வேண்டும், அதே சமயம் நிமிராமலும் போய்விடக் கூடாது. அந்த இடத்தைப் பிடிப்பதற்காக மாதக்கணக்கில் எடைகளை மேலும் கீழும் மாற்றிக்கொண்டிருப்பார். கேட்டால், "கடல் ஆட்டத்தான் செய்யும். ஆட்டட்டும். சொல்லிட்டு ஆட்டணும், அவ்வளவுதான்" என்பார். இதைவிடத் தெளிவாக எந்தப் பேராசிரியரும் எனக்கு விளக்கியதில்லை.

இப்போது டாக்டர் தம்பதியின் கதைக்கு வருகிறேன். டாக்டர் ஞானராஜும் அவர் மனைவி டாக்டர் ஸ்டெல்லாவும் நாகர்கோவில்காரர்கள். வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் காலமெல்லாம் வேலை பார்த்தவர்கள். பிள்ளைகளை வளர்க்க வேண்டும் என்று ஆளுக்கொரு ஷிப்டாக ஓடியதில், ஒருவர் படுக்கும் நேரம் மற்றவர் எழும் நேரமாகவே வாழ்க்கை போய்விட்டது. ஓய்வுபெற்றதும், மிச்சமிருக்கும் காலத்தை ஒரு படகில் இரண்டு பேரும் மட்டுமாக ஊர் ஊராகப் போய்க் கழிக்க வேண்டும் என்று ஞானராஜ் ஆசைப்பட்டார். ஆசை அவருக்கு மட்டும்தான் இருந்தது. முதல் நாளே ஸ்டெல்லா டாக்டர் எங்கள் மேசைக்கு எதிரே உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டார். "ஒரு சாயா போட்டு, உக்காந்து நிம்மதியா குடிக்க முடியாத எடத்துல நான் எதுக்குக் கெடக்கணும்? இவரு போகட்டும். நான் நாகர்கோவில்ல இருக்கேன்" என்றார். ஞானராஜ் சிரித்து மழுப்பினார். அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

ஸ்டெல்லா டாக்டரைச் சம்மதிக்கவைக்க ஞானராஜிடம் ஒரு திட்டம் இருந்தது. படுக்கையறை படகின் மூக்கில், மூன்று பக்கமும் கண்ணாடி; கண் விழித்ததும் கடல். விசாலமான திறந்த சமையலறை. நல்ல வேகம். எனக்கு வாயெல்லாம் பல். என் வாழ்நாளின் மிக அழகான வரைபடத்தை அவருக்குப் போட்டுக் கொடுத்தேன். மாரியம்மாள் அதை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "டாக்டர் அம்மா வரமாட்டாங்க" என்று மட்டும் சொன்னார். படுக்கையறை நடுவில், கீழே இருக்க வேண்டும். சமையலறை ஒடுங்கியிருக்க வேண்டும். வேகத்தைக் கொஞ்சம் குறைத்தால் அதே டீசலில் வெகுதூரம் கூடுதலாகப் போகலாம் என்றார். அழகாக இருப்பதை எல்லாம் அசிங்கமாக்குகிறாரே என்று நான் எகிறினேன். ஞானராஜும் முகம் சுளித்தார். இப்படியானால் வேறு ஆளைப் பார்க்க வேண்டியிருக்கும் என்று பதமாகச் சொன்னார். மாரியம்மாள் கொஞ்சமும் அசரவில்லை. அடுத்த நாள் டாக்டர்கள் இருவரும் தன்னோடு பொன்முடி மலைக்கு பஸ்ஸில் வர வேண்டும், அதன்பிறகு என்ன சொன்னாலும் வரைந்து தருகிறேன் என்றார். இவ்வளவு பெரிய ஆர்டரை அரசு பஸ்ஸில் ஏற்றுகிறாரே என்று எங்கள் முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார்.

தம்பானூர் பஸ் நிலையத்தில் நானும் அவர்களோடு சேர்ந்துகொண்டேன். பஸ் ஏறியதும் ஞானராஜ் கடைசி வரிசையைப் பிடித்துக்கொண்டார். நல்ல காட்சி கிடைக்கும் என்று என்னையும் கூப்பிட்டார். நானும் போனேன். மாரியம்மாள் ஸ்டெல்லா டாக்டரை நடுசீட்டில் உட்காரவைத்து, கையில் ஒரு பிளாஸ்க்கையும் எவர்சில்வர் டம்ளரையும் கொடுத்தார். கொண்டை ஊசி வளைவு தொடங்கியதும் டீயை ஊற்றிக் குடிக்க வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. ஸ்டெல்லா டாக்டர் முதல் வளைவில் கொஞ்சம் புடவையில் சிந்தினார். இரண்டாவது தடவை, இடுப்பைச் சீட்டு ஓரத்திலும் முழங்காலை முன்சீட்டிலும் அண்டக்கொடுத்துக்கொண்டு ஊற்றினார். ஒரு சொட்டு சிந்தவில்லை. மாரியம்மாளுக்கும் ஊற்றிக் கொடுத்தார். இரண்டு பேரும் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். கடைசி வரிசையில் நாங்கள் இரண்டு பேரும் சீட்டை விட்டு எழும்பி எழும்பி விழுந்துகொண்டிருந்தோம். ஒரு வளைவுக்கு மேல் ஞானராஜின் கண் நிலைகுத்திவிட்டது. மாரியம்மாள் முன்யோசனையோடு எங்களிடம் கொடுத்து வைத்திருந்த இரண்டு பிளாஸ்டிக் கவர்களில் ஒன்று அவருக்கு உதவியது. மற்றது எனக்கு. கண்டக்டர் எங்களைப் பார்த்து, "பின்னில இருக்கண்டான்னு ஞான் பறஞ்சதல்லே சாரே" என்று வருத்தப்பட்டார். பின்னால் உட்கார வேண்டாம் என்று ஏறும்போதே சொல்லியிருந்தார், நாங்கள்தான் கேட்கவில்லை.

மேலே ஒரே மூடுபனி. டீக்கடைக்கு எதிரே இருந்த கைப்பிடிச் சுவரில் ஞானராஜ் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாரியம்மாள் எலுமிச்சம்பழம் ஒன்றை அவரிடம் கொடுத்து, "டாக்டர், மூக்கானா என்ன, வாலானா என்ன, முனை முனைதான். இப்ப நீங்க இருந்த சீட்டுதான் உங்க பெட்ரூம். அம்மா இருந்தது நான் வரைஞ்ச பெட்ரூம்" என்றார். ஞானராஜ் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார், சிரித்ததில் மறுபடி ஓடவேண்டி வந்தது. ஸ்டெல்லா டாக்டர் அதற்குள் ஒரு ஆம்லெட்டை முடித்துவிட்டு இரண்டாவதுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். கீழே இறங்கும்போது நடுசீட்டுக்கு நாங்கள் ஆண்கள் இருவரும் முட்டி மோதினோம்.

படகு அப்படியே வரையப்பட்டது. படுக்கை நடுவில், நீர்மட்டத்தை ஒட்டி. சமையலறை, நின்றால் இரண்டு பக்கமும் இடுப்பு தொடுகிற அகலம்; பஸ் சீட்டில்போல அண்டக்கொடுத்துக்கொள்ளலாம். என் கண்ணாடியெல்லாம் மேல்தளத்து உட்காரும் அறைக்குப் போயிற்று. அந்த அளவுக்குத் தயவு காட்டினார். கட்டி முடித்து, கொச்சிக்கு வெளியே முதன்முதலாகக் கடலில் ஓட்டிப் பார்த்த அன்று நாங்களும் போனோம். மழைக்காலம் முடிந்தும் முடியாத நேரம், கடலில் நல்ல ஆட்டம். எல்லோரும் எஞ்சினைப் பார்த்தோம், திரையைப் பார்த்தோம், அலையைப் பார்த்தோம். மாரியம்மாள் மட்டும் சமையலறை வாசலுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து ஸ்டெல்லா டாக்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்டெல்லா டாக்டர் அடுப்பைப் பற்றவைத்தார். பால் பொங்கியது, வழியவில்லை. சாயாவை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்து, கடைசி மடக்குவரை குடித்தார். எழுந்து வந்து கிளாஸைக் கழுவிக் கவிழ்த்தார். பிறகு மேலே தலையை நீட்டி, "ஏங்க, இது மாலத்தீவு போய்ச்சேர எத்தன நாளாவும்?" என்று கணவரைக் கேட்டார்.

ஞானராஜ் ஓடிப்போய்க் கடல் வரைபடத்தை விரித்தார். மாரியம்மாள் என் கையைப் பிடித்து நசுக்கினார். அன்று அவர் கண்ணில் நீர் வந்ததைப் பார்த்தேன். அவரிடம் நான் பார்த்த ஒரே தடவை அதுதான்.

திரும்பி வரும் வழியில் காரில் கேட்டேன், ஞானராஜின் படகை ஏன் அவருக்குப் பிடித்த மாதிரி வரைய விடவில்லை என்று. "படகு வேணும்னு வர்றவங்களுக்கு எந்தப் படகும் போதும், சாரே. ஓட்டைப் படகு கொடுத்தாலும் ஏறிப் போயிடுவாங்க. வர மனசில்லாத ஒருத்தர் எல்லா வீட்டிலயும் இருப்பாங்க அல்லே? அவங்களுக்குத்தான் வரையணும்" என்றார். சொல்லிவிட்டு அப்படியே தூங்கிப்போனார். ஆற்றிங்கல் வரை நல்ல குறட்டை.

மாரியம்மாள் போன மூன்றாம் நாள் ஸ்டெல்லா டாக்டர் நடுக்கடலிலிருந்து சாட்டிலைட் போனில் கூப்பிட்டார். செய்தியை அவருக்கு யாரோ அனுப்பியிருந்தார்கள். பின்னணியில் எஞ்சின் சத்தம் கேட்டது. ஞானராஜ் எங்கே என்றேன். கீழே தூங்குகிறார், இது என் முறை, நான்தான் ஓட்டுகிறேன் என்றார். இங்கேயும் ஷிப்டுதானா என்று சிரித்தபடி கேட்டேன். "அப்பமும் ஷிப்டுதான், இப்பமும் ஷிப்டுதான். ஆனா இப்ப எழும்பிப் பாத்தா ஆளு பக்கத்துல இருக்காரு பாத்துக்கிடுங்க" என்றார்.

மாரியம்மாளிடமிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொண்டது, அன்று காரில் அவர் அரைத்தூக்கத்தில் சொன்னதைத்தான். நேற்று துபாயிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். மனைவிக்குத்தான் படகு ஆசை. கடல், தீவு, சூரிய உதயம் என்று மூச்சு விடாமல் பேசினார். கணவர் கார்ச் சாவியை மேசைமேல் உருட்டிக்கொண்டு, சுவரில் இருந்த படங்களைக்கூட ஏறிட்டுப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். பழைய நானாக இருந்தால் அந்த அம்மாவுக்குக் கண்ணாடி மாளிகை ஒன்றை அங்கேயே வரைந்து காட்டியிருப்பேன். பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, என் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்க் கணவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன். "நீங்கள் எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் தூக்கம் வரும்?" என்று கேட்டேன். அவர் சாவியை உருட்டுவதை நிறுத்திவிட்டு, முதன்முறையாக என்னைப் பார்த்தார்.