பிற்பகலில் உயரும் புரோலாக்டின்

ஆய்வுக்கூடமொன்றின் எலிக்கூடத்தைப் பராமரித்த ஆண்டுகளில் வழிகாட்டிகள் பலரைக் கண்டிருக்கிறேன். அவர்களுள் ஒருவரை மட்டும் இன்றும் மதிப்பின்றியே நினைவுகூர்கிறேன்.

அவரிடம் ஆராய்ச்சி செய்த பெண் கிழக்கேகோட்டை அக்கிரகாரத்தைச் சேர்ந்தவள். சினைப்பை அகற்றப்பட்ட பெண் எலிகளில் ஒரு பாதிக்கு ஈஸ்ட்ரஜன் என்ற சினைப்பை ஹார்மோனைச் செலுத்தி, அது பால் சுரக்கச் செய்யும் புரோலாக்டினின் சுரப்பை எவ்வாறு தூண்டுகிறது என்று காட்டுவதே அவள் ஆய்வு. அத்தூண்டல் பிற்பகலில்தான் தெளிவாக எழும்; காலையில் இரு பிரிவுக்கும் பெரிய வேறுபாடு தெரியாது. எலியைக் கொன்றுதான் இரத்தம் எடுப்பார்கள். ஆகவே வாய்ப்பு ஒன்றே.

குறித்த நாள் ஆறாட்டாக அமைந்துவிட்டது. சுவாமி கடலாட எழுந்தருளும் அன்று நகரத்து அலுவலகங்கள் பிற்பகலில் அடைபடும். வழிகாட்டிக்கோ ஊர்வலத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி நடந்தாக வேண்டும்.

காலையிலேயே எடுத்துவிடலாம் என்பதை மலையாளம் கலந்த தம் தமிழில், “காலத்தே எடுத்துடலாம், கேட்டோ,” என்றார்.

“சார், மத்தியானத்துக்கு மேலதான் ஏறும். நாளைக்கு வெச்சுக்கலாமே?”

“நாளைக்கு எனக்கு மீட்டிங். ரத்தம் ரத்தம்தானே குட்டி! காலத்தே ஒண்ணு, உச்சைக்கு வேற ஒண்ணா ஓடறது?”

தம் கேலிக்குத் தாமே சிரித்தார். எலிகள் காலையிலேயே மாண்டன. மாலையில் துறையின் வாட்ஸ்அப் குழுவில், மார்பெல்லாம் சந்தனமாக அவர் படம் வந்தது. எலியின் உடலும் தம் சௌகரியத்துக்கு இணங்கும் என்று நம்பிய முகம் அது.

அளவீடு வந்தபோது இரு பிரிவும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. சினைப்பை ஹார்மோனுக்குப் புரோலாக்டின்மேல் செல்வாக்கு ஏதுமில்லை என்று, நாணம் சிறிதுமின்றி, முடிவெழுதி அவளிடம் நீட்டினார்.

“காலம்பற எடுத்த ரத்தம்னாவது இதுல எழுதுங்கோ, சார். இல்லேன்னா நான் கையெழுத்துப் போடமாட்டேன்.”

“அதொக்கெ யாரு கேக்கறா? இஷ்டமில்லேன்னா வேற கைடைப் பாத்துக்கோ.”

பார்த்துக்கொண்டாள். விடைபெற என்னிடம் வந்தபோது அவள் கண்ணில் நீரில்லை, அருவருப்பு இருந்தது.

“மொதல்லேர்ந்து ஆரம்பிக்கணும், மாமா. பரவாயில்லை, அந்தப் பொய்க்கு என் பேர் இருக்காது.”

மறுவாரமே அவர் எலி கேட்டு வந்தார். “இனி கேள்வி, சோத்யம்னு ஒண்ணும் கேக்காத குட்டியா எடுக்கணும்,” என்றார்.

அப்படியே ஒருத்தி வாய்த்தாள். பிற்பகலில் இரத்தம் எடுப்பதா என்று நான்தான் விசாரித்தேன்.

“சாருக்கு எப்போ சௌகரியமோ அப்போ,” என்றாள்.