ஆபீசர் வந்த ஞாயிறும் அப்பாவின் எலுமிச்சைச் செடியும்

பச்சை எலுமிச்சை இலை தீயில் கருகும் வாசம் தெரியுமா உங்களுக்கு? மூக்குக்கு நன்றாகத்தான் இருக்கும்... எனக்கு மட்டும் இன்றைக்கும் ஆகாது.

எழுபதுகளின் கடைசி. காளவாசலில் எங்கள் வாடகை வீட்டுக்குப் பின்னால் ஒரு துண்டு இடம். நாலு கட்டில் போட்டால் நிறைந்துவிடும். தபாலாபீஸ் கிளார்க்கான அப்பாவுக்கு அதுதான் ராஜ்ஜியம். செம்பருத்திக்குத் தேன்சிட்டு வரும். உடைந்த பானைக்கடியில் தேரை குடியிருக்கும். சருகைக் கூட்டவே விடமாட்டார்.

"கெடக்கட்டும்டி, அதுக்குள்ளயும் குடும்பம் நடக்குது" என்பார் அம்மாவிடம்.

ஞாயிறு காலையில் பின்கதவைத் திறந்து வைப்பார். யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். தெருவே வரும். பாதிப் பேர் பூஜைக்குப் பூப் பறிக்கத்தான் வந்தார்கள் என்பது வேறு விஷயம்!

அந்த வருஷம் எலுமிச்சைச் செடியில் புழுக்கள் இலையெல்லாம் அரித்துத் தின்று கூடு கட்டியிருந்தன. பழுப்பு நிறத்தில், சருகு மாதிரியே. ஒரு சனிக்கிழமை காலையில், கூட்டுக்குள் சிறகு தெரிவதை எனக்குக் காட்டினார் அப்பா.

"நாளைக்குப் பட்டாம்பூச்சி வெளிய வந்துரும் பாப்பா."

அந்தச் சந்தோஷத்தில் ஆபீசரையும் குடும்பத்தோடு கூப்பிட்டுவிட்டார்.

ஞாயிறு விடிந்ததும் அவர்களை அழைத்துவர பஸ் ஸ்டாப்புக்குப் போனார். ஆபீசர் வீட்டுக்கு வருகிறார் என்றால் அம்மாவுக்குக் கை கால் ஓடுமா? நான் எழுந்து வருவதற்குள் சருகையெல்லாம் கூட்டி, சாணி தெளித்து, கோலம் போட்டு, பூச்சி அரித்த எலுமிச்சைக் கிளைகளை வெட்டி, மூலையில் குவித்துத் தீ வைத்துவிட்டாள்.

ஆபீசர் வந்து சுற்றிப் பார்த்தார். "பரவால்லயே... எம்புட்டு சுத்தமா வச்சிருக்கீங்க!"

அப்பா மொட்டைச் செடியைப் பார்த்தார். புகையைப் பார்த்தார்.

"ஆமா சார்... எல்லாம் வீட்ல பாத்துக்கிறாங்க."

அம்மாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. அவர்கள் காப்பி குடித்துவிட்டுக் கிளம்பிய பிறகு, அப்பா ஒரு குச்சியை வைத்துச் சாம்பலைக் கிளறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

"காஞ்ச எலைன்னுல்லங்க நெனச்சேன்..."

அப்பா திட்டவில்லை. திட்டியிருந்தால் அம்மாவுக்கு ஆறியிருக்கும். அடுத்த ஞாயிறு பின்கதவு திறக்கவில்லை. அதற்கப்புறம் திறக்கவே இல்லை.

இப்போது அந்த இடத்தில் ஒரு செல்போன் கடை. அப்பா போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிவிட்டது. அம்மா என்னோடு சமயநல்லூரில், மாடி வீட்டில். பால்கனித் தொட்டியில் ஒரு எலுமிச்சை. வேலைக்கு வரும் பெண் விளக்குமாற்றோடு அந்தப் பக்கம் போய்விடக் கூடாது.

"ஒரு சருகைத் தொட்டேன்னா பாரு!" என்பாள் அம்மா.

போன மாதம் அதில் ஒரு கூடு. அம்மா நாற்காலியை அங்கேயே போட்டுக்கொண்டாள். ஒருநாள் காலையில் கறுப்பும் மஞ்சளுமாக ஒன்று வெளியே வந்து, சிறகை உலர்த்திக்கொண்டிருந்தது. அம்மா மெல்ல எழுந்து போய் வாசல் கதவை விரியத் திறந்து வைத்தாள். எதிர்வீடு, பக்கத்து வீடு, கீழ்வீடு... எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினாள்.

அவர்கள் போன பிறகு என்னிடம் சொன்னாள்.

"இம்புட்டுப் பேரு வந்து பாத்தாக... பாக்க வேண்டிய மனுசன் இல்லையேடி."