பேர் ஓடும்போது கேட்ட ஒப்பாரி

பேச்சித்தாய் கழுகுமலைப் பக்கத்திலிருந்து பசுவந்தனைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். காட்டு வேலையில் கெட்டிக்காரி, பேச்சில் படு சிக்கனம். புருஷன் தங்கச்சாமி எதைச் சொன்னாலும் ஒரு ‘ம்’ போடுவாள், அதோடு சரி. ஆனால் ஊரில் ஒரு சாவு விழுந்துவிட்டால் முதலில் அவளைத்தான் தேடி வருவார்கள். அவள் உட்கார்ந்து ஒப்பாரி எடுத்தால் பந்தலுக்கு வெளியே சீட்டாடிக்கொண்டிருக்கும் ஆண்கள்கூட சீட்டைக் கவிழ்த்து வைத்துவிடுவார்கள். செத்தவருக்காக ஆரம்பிக்கிற அழுகை பாதியில் சொந்தக் கதைக்குத் திரும்பிவிடும். அந்தப் பக்கத்துப் பெண்களுக்கு அது வழக்கம்தான். யாரும் அதைக் குற்றமாக எடுத்துக்கொள்வதில்லை.

போன வருஷம் ஊருக்கு சினிமாக்காரர்கள் வந்தார்கள். சாவு வீட்டுக் காட்சிக்கு அழுவதற்கு ஊர்ப் பெண்களையே உட்கார வைத்தார்கள். பிணமாகப் படுத்திருந்தவர் நடுநடுவே எழுந்து மாலையோடு டீ குடித்தார். பெண்களுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. கண்ணில் விட மருந்து கொடுத்தார்கள். பேச்சித்தாய் மட்டும் வேண்டாம் என்றாள். “நிஜமாவே அழுங்கக்கா” என்று உதவி இயக்குநர் பையன் கெஞ்சியதும் அவள் கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தாள். மூடிய கண்ணுக்குள் அவளுடைய அம்மா வந்து நின்றாள்.

பல வருஷங்களுக்கு முன்னால், உளுந்து பிடுங்குகிற நாளில் அம்மா செத்துப்போனாள். வீட்டில் அப்போது ஒரே ஒரு போன். அறுவடைக்கு ஒத்தாசையாக எட்டயபுரத்திலிருந்து வந்திருந்த நாத்தனார் சொர்ணத்தாய்தான் அன்றைக்கு வீட்டில் இருந்தாள். காலையிலேயே சேதி வந்துவிட்டது. மத்தியானம் காட்டுக்குக் கஞ்சி கொண்டுவந்தாள், சேதியைச் சொல்லவில்லை. சாயங்காலம் சொன்னாள். பேச்சித்தாய் போய்ச் சேர்ந்தபோது அம்மாவை எரித்து முடித்திருந்தார்கள். அந்த முகத்தைப் பார்க்கவில்லை என்ற ஆத்திரத்தை அவள் ஒருநாளும் நாத்தனாரிடம் காட்டியதில்லை. கேமரா முன்னால் அத்தனையும் கொட்டிவிட்டது, பெயரோடு.

“படத்துல வராதுக்கா, மேல மியூசிக் போட்டுருவோம்” என்று அந்தப் பையன் சத்தியம் செய்தான். ஆனாலும் பக்கத்து வீட்டு வெயிலுகந்தம்மாள் விடவில்லை. “ஏட்டி, ஒன் நாத்தனா மட்டும் இந்தப் படத்தப் பாத்தான்னு வச்சுக்க, ஒன் மக கல்யாணம் அம்புட்டுதான்!” என்று கேலி பேசினாள்.

கேலி என்றாலும் அது ஊசியாக ஏறியது. மகள் ஆனந்தியை சொர்ணத்தாயின் மகன் சக்திகுமாருக்குத்தான் பேசி முடித்திருந்தார்கள். தை மாதம் கல்யாணம். படம் வெளியானதும் அந்தச் சக்திகுமாரே இரண்டு வீட்டுக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்துவிட்டான். பேச்சித்தாய் தலைவலி என்றாள், ஆட்டை யார் பார்ப்பது என்றாள், ஒன்றும் எடுபடவில்லை.

கோவில்பட்டி தியேட்டரில் மேட்னி ஷோ. பேச்சித்தாய்க்கு இந்தப் பக்கம் சொர்ணத்தாய், அந்தப் பக்கம் புருஷன். சினிமாவில் யார் யாரைக் காதலித்தார்கள் என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது. தெருவில் யாராவது நடந்து வந்தாலே சாவு வீடு வந்துவிட்டதோ என்று தலையைக் குனிந்துகொண்டாள். இடைவேளையில் சொர்ணத்தாய் வாங்கிக் கொடுத்த முறுக்கு கையிலேயே நொறுங்கிப்போனது.

கடைசியில் அந்தக் காட்சி வந்தது. பேச்சித்தாயின் முதுகும் ஆடுகிற கொண்டையும் மட்டும் தெரிந்தன. அழுகைச் சத்தமே இல்லை, பிடில்தான் கேட்டது.

“ஏட்டி பேச்சி, இது நீதான? முதுகக் காட்டிட்டு ஒக்காந்திருக்கியே!” என்று சொர்ணத்தாய் அவள் தொடையில் தட்டிச் சிரித்தாள்.

“ஆமா மதினி” என்றாள் பேச்சித்தாய். கையில் ஒட்டியிருந்த முறுக்குத் தூளைத் தட்டிவிட்டாள்.

படம் முடிந்து பேர் ஓடத் தொடங்கியது. பாதித் தியேட்டர் எழுந்துவிட்டது. பேச்சித்தாயும் எழுந்தாள். “ஒக்காருங்க அத்த,” என்று சக்திகுமார் தடுத்தான். “பேர் ஓடும்போது ஷூட்டிங்ல எடுத்த மிச்சத்தையெல்லாம் காட்டுதானாம். கூட்டாளிக சொன்னானுவ.”

பேச்சித்தாய் உட்காரவில்லை. “அதெல்லாம் எதுக்கு? பஸ்ஸு போயிரும். வாங்க மதினி, எந்திரிங்க.”

“எம் முட்டு எங்கன எந்திரிக்க விடுது? கூட்டம் போகட்டும்டி. பஸ்ஸு என்ன ஒண்ணுதானா?”

திரையில் ஓர் ஓரமாகப் பேர்கள் ஏற, மறுபக்கம் சின்னக் கட்டத்தில் படம் ஓடியது. கதாநாயகன் கரிசல் சேற்றில் செருப்பை விட்டுவிட்டு வெறுங்காலோடு நின்றான். எல்லாரும் சிரித்தார்கள். பிணம் எழுந்து டீ குடித்தது. இன்னும் பெரிய சிரிப்பு. பேச்சித்தாய் மதினியின் கையைப் பிடித்து இழுத்தாள். அந்த நேரம் பார்த்து ஊழியர் விளக்கைப் போட்டுக் கதவுகளைத் திறந்துவிட்டார். திரை வெளுத்துப்போனது. அப்பாடா என்று நினைத்தாள். ஆனால் சத்தம் அப்படியேதான் இருந்தது.

“கஞ்சிக் கலயம் கொண்டாந்தியே சொர்ணத்தா – என்
காதுக்குச் சேதி கொண்டாரலியே சொர்ணத்தா,
எரிஞ்ச சாம்பலக் காட்டவா என்னய
இருட்டுன பொறவு அனுப்பி வச்ச சொர்ணத்தா…”

கதவுப் பக்கம் போனவர்கள் அங்கங்கே நின்றுவிட்டார்கள். யாரோ ஒரு அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பேச்சித்தாய் முன் சீட்டின் கம்பியைப் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனந்தி முகத்தில் ரத்தமே இல்லை. பாட்டு நின்றது, பேர் மட்டும் ஓடியது.

சொர்ணத்தாய் பேச்சித்தாயைப் பார்க்கவில்லை. அவளைத் தாண்டித் தன் தம்பியைப் பார்த்தாள்.

“ஏலே தங்கச்சாமி, நீ சொல்லுதியா, நான் சொல்லட்டா?”

தங்கச்சாமி வெளுத்த திரையை உற்றுப் பார்த்தான். “இப்ப எதுக்குக்கா அது? வா போவோம்.”

“இம்புட்டுப் பேர் முன்னால எம் பேரு நாறிக் கெடக்கு, எதுக்குங்கான்!” அவள் பேச்சித்தாயிடம் திரும்பினாள். “கஞ்சி கொண்டாந்தம்லா, அப்பமே இவன்ட்ட சொல்லிட்டேன்டி. வரப்போரம் கூட்டிட்டுப் போயிச் சொன்னேன். வானம் கருக்கிட்டு வருது, உளுந்து நனைஞ்சா வருசம் பூராவும் போச்சு, ஆளு கொறஞ்சா முடியாது, பொழுது சாயச் சொல்லிக்கிடலாம்னான்.”

பேச்சித்தாய்க்கு முதலில் அது விளங்கவே இல்லை. பிறகு விளங்கியது. அன்று அதே பாத்தியில் பக்கத்து வரிசையில் குனிந்து உளுந்து பிடுங்கியவன், கழுகுமலை வரைக்கும் பஸ்ஸில் கூடவே வந்தவன், எல்லாம் தெரிந்துகொண்டேதான் வந்திருக்கிறான்.

“நீங்களாவது சொல்லிருக்கலாமே மதினி.”

“சொல்லிருக்கணும். கூடப் பொறந்தவன காட்டிக் குடுக்க மனசு வரல. தப்புதான்.” சொர்ணத்தாயின் குரல் இறங்கியது. “கல்யாணத்த நெனச்சா இப்படி நடுங்குத? அது நிக்காது. ஆனந்தி எங்க வீட்டுக்குத்தான் வாரா.”

சக்திகுமார் ஆனந்தியைப் பார்த்துத் தலையசைத்தான். காலையிலிருந்து பேச்சித்தாய் எந்தச் சொல்லுக்காகத் தவித்தாளோ அந்தச் சொல் கிடைத்துவிட்டது. ஆனால் இனி இந்த மனுஷனோடு ஒரே வீட்டுக்குப் போய் உலை வைக்க வேண்டும்.

அவள் புருஷனின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

“அன்னைக்கு மழ பெய்யலயே.”

“கருக்கல் கூடியிருந்துச்சுல்லா…”

“பெய்யல.”

துடைப்பத்தோடு வந்த ஆள், எழுந்தால் பெருக்கலாம் என்று வரிசை முனையில் நின்றார். தங்கச்சாமி கதவுப் பக்கம் கிளம்பப் பார்த்தான். பேச்சித்தாய் நகரவில்லை. அவன் பதில் சொல்லட்டும் என்று நின்றாள்.