சொரசொரத் தலை எறும்பு

அம்மா இறந்து மூன்று மாதம் கழித்து அப்பாவைக் கீழ்பென்னாத்தூரிலிருந்து திருவண்ணாமலைக்கு அழைத்து வந்தேன். செங்கம் சாலைக்குப் பின்னால் என் வாடகை வீடு. கல்லூரியில் விலங்கியல் வகுப்பு எடுத்து முடித்து மாலையில் திரும்பினால், காலையில் பார்த்த அதே நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். சாப்பிட்டீர்களா என்று கேட்டால் தலையாட்டுவார். அம்மாவைப் பற்றிப் பேசவே இல்லை.

ஒருநாள் அவராகவே சொன்னார். "பின்னால எறும்பு ஜாஸ்தியா இருக்குது. வரும்போது மருந்து வாங்கினு வா."

போய்ப் பார்த்தேன். காய்ந்த மண்ணில் ஒரு துளை. சுற்றிலும் புல்விதைகளின் உமி. இரண்டு எறும்புகளைக் கல்லூரிக்கு எடுத்துப் போய் நுண்ணோக்கியில் வைத்தேன். இடுப்பில் இரண்டு கணுக்கள், தலை முழுக்க நுண்ணிய வரிகள். வறண்ட நிலங்களில் விதை சேர்த்து வாழும் இனம். மருந்து வாங்கவில்லை.

"இதுக்குப் பேரெல்லாம் இருக்குதா?" என்றார் அப்பா.

"ட்ரைக்கோமிர்மெக்ஸ் ஸ்கேப்ரிசெப்ஸ். சொரசொரப்பான தலைன்னு அர்த்தம் வருதுப்பா. முன்னாடி மோனோமோரியம்னு வேற பேரினத்துல வெச்சிருந்தாங்க. மரபணுவ ஒப்பிட்டுப் பார்த்துட்டுப் பிரிச்சிட்டாங்க."

"சொந்தம் இல்லாதவங்களோடவா இவ்ளோ நாள் சேர்த்து வெச்சிருந்தாங்க?"

"தூரத்துச் சொந்தம்தான்."

சிரித்தார் என்றே நினைக்கிறேன். அதன்பின் நாற்காலி பின்வாசலுக்கு இடம் மாறியது.

ஐப்பசியில் விடாத மழை. வெயில் அடித்த முதல் காலையில் என்னைக் கூப்பிட்டார். எறும்புகள் நனைந்த விதைகளை ஒவ்வொன்றாக வெளியே கொண்டுவந்து பரப்பிக்கொண்டிருந்தன. அப்பா குத்துக்காலிட்டு அருகில் உட்கார்ந்திருந்தார்.

"மல்லாட்டை காய வெக்கிறது உங்கம்மா வேலை," என்றார். "இந்த வருஷம் நான் களத்துக்கே போகலம்மா. ஆவணி மழையில நனைஞ்சி எல்லாம் முளைச்சிப்போச்சி."

நிலக்கடலையை அறுவடை முடிந்ததும் விற்றுவிட்டதாகத்தான் என்னிடம் சொல்லியிருந்தார். அவர் பக்கத்தில் ஈரமண்ணிலேயே உட்கார்ந்தேன்.

"சாக்கு விரிச்சி, கையால தள்ளித் தள்ளி விடுவா. காலால தள்ளினா திட்டுவா," என்றார். பிறகு நிறுத்தாமல் பேசினார். அவர்கள் கல்யாணமான புதிதில் போட்ட சண்டைகளைக்கூடச் சொன்னார். நான் கல்லூரிக்கு விடுப்பு சொன்னேன்.

மார்கழிக் கடைசியில் ஊருக்குப் போய்விட்டார். கிணற்றடி நிலத்தில் மல்லாட்டை விதைத்திருப்பதாகப் போனில் சொன்னார். காய வைக்கும்போது நான் வந்தாக வேண்டுமாம்.