நிழல் தூக்கும் ஆக்‌ஷன்

கணினித் திரையில் தபால்தலை அளவில் அடுக்கியிருந்த படங்கள் மேல்வரிசையிலிருந்து ஒவ்வொன்றாக வெளுத்துக்கொண்டே வந்தன. போன மின்சாரம் திரும்பியதும் தெருவின் குழல்விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கண் திறக்குமே, அப்படி. யாரும் எதையும் தொடவில்லை. எடிட்டரம்மா கைகளை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். நான்தான் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டிருந்தேன்.

அவை நான் எடுத்த கல்லெழுத்துப் படங்கள். உத்திரமேரூரிலும் கூரத்திலும் புள்ளலூர்ப் பக்கத்திலும் பல வருடங்களாக எடுத்தவை. எந்த நாள், எந்த நேரம், வெயில் எந்தப் பக்கம் என்றெல்லாம் குறித்து வைப்பவன் நான். ஆனால் பாதிப் படங்களில் எழுத்து இருட்டுக்குள் கிடந்தது. ஒன்றைச் சரிசெய்யவே எனக்கு ஒரு காலைப்பொழுது போய்விடும். எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தை ஒட்டிய ஸ்டுடியோவில் கல்யாண ஆல்பம் செய்யும் எடிட்டரம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் தாமலிலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவர். ஒரே ஒரு படத்தை எடுத்து, சாய்வை நிமிர்த்தி, வெளிச்சமான இடத்தைத் தொடாமல் இருட்டை மட்டும் மேலே தூக்கினார். செய்த ஒவ்வொன்றையும் கணினி பின்னாலேயே நின்று கற்றுக்கொண்டது. அந்தத் தொழிலில் இதற்கு ஆக்‌ஷன் என்று பெயர்.

“ஒருதபா நான் பண்ணிட்டேன் சார். மிச்சத்த அதுவே பண்ணிக்கும். நாம பொறந்ததுலேர்ந்து தெனம் பாத்திரம் தேய்ச்சிக்கினே கீறோம், இதுக்கின்னா கேடு?” என்றார். எனக்கு ஆயுள் போதாது என்று நான் ஒதுக்கி வைத்திருந்த வேலை, அவருடைய டீ ஆறுவதற்குள் முடிந்திருந்தது.

கல்யாணப் படங்களுக்கு அந்த ஸ்டுடியோவில் வேறொரு ஆக்‌ஷன் இருந்தது. மணமக்கள் முகத்தை வெளுப்பாக்கி, நான்கு ஓரங்களையும் கறுப்பாக்கி, மிச்சத்தை நறுக்கிவிடும். இந்தச் சுற்றுவட்டாரத்துப் பெரிய குடும்பங்களின் ஆல்பங்கள் எல்லாம் அதன் வழியாகத்தான் வந்தன. எங்கள் வீட்டு ஆல்பமும் அப்படித்தான்.

என் படங்களை வாங்கிக்கொள்ளப் போயிருந்த அன்று, கட்டடங்களில் சென்ட்ரிங் வேலை செய்யும் ஒருவர் உள்ளே வந்தார். அவருடைய தாயார் இறந்து சில வாரங்கள் ஆகியிருந்தன. கிறிஸ்தவ ஆலயத்தில் நினைவு ஜெபம் வைத்திருந்தார்கள். வாசலில் வைக்கப் பேனர் வேண்டும், போடுவதற்குப் படம் இல்லை.

“ஆதார்ல கீறதப் போட்டுடலாமே?” என்றார் எடிட்டரம்மா.

“அது எங்கம்மா மூஞ்சியே இல்லக்கா. போலீஸ்ல தேடற ஆள் மாரி கீது. அத வெச்சா அவளே எந்திரிச்சி வந்து கிழிச்சிடுவா.”

வேறு படம் எடுத்ததே இல்லையா என்று நான் கேட்டேன். “யார் சார் எடுப்பாங்க? கல்யாணம் கல்யாணமா எச்சி இலை எடுக்கப் போவா. கேமரா வந்தா ‘ஒத்து, ஓரமாப் போ’ன்னு தொரத்துவாங்க” என்றார் அவர்.

“ஓரமாவா?” என்று எடிட்டரம்மா அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டார். திரையில் இன்னும் என் கற்கள் இருந்தன. அவற்றைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழுந்து அலமாரியிலிருந்து ஹார்ட் டிஸ்க்குகளை அள்ளி வந்தார். ஓரம் கறுக்காத, நறுக்காத மூலப்படங்கள் அவற்றில் கல்யாணம் கல்யாணமாக இருந்தன. கல்லுக்குச் செய்த அதே ஆக்‌ஷனை ஆயிரக்கணக்கான அந்தப் படங்கள்மேல் ஓட்டினார்.

அன்று நான் கண்டதை எப்படி எழுதுவது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. மணமேடைகள் இருந்த இடத்திலேயே இருக்க, அவற்றைச் சுற்றி இருந்த இருட்டு கலைந்து, உள்ளேயிருந்து ஆட்கள் வந்தார்கள். வீடியோ விளக்கைத் தோளில் தாங்கிய ஆள். மேளக்காரர்களுக்குப் பின்னால் சாப்பாட்டுக்குக் காத்து நின்றவர்கள். பந்தி வாசலில் கூடையோடு பெண்கள். ஒரு முகூர்த்தத்துக்குள் இன்னொரு ஊரே நின்றிருந்தது. அந்தக் கல்யாணங்களில் பலவற்றுக்கு நானும் போயிருக்கிறேன். நடந்த மாதமும் அன்று பெய்த மழையும் வந்திருந்த பிரமுகர்களும் எனக்கு மனப்பாடம். இவர்களை நான் அன்றுதான் பார்க்கிறேன். இன்று கைபேசியில் விரலை இழுத்தால் இருட்டு விலகுகிறது. எடிட்டரம்மாவும் மகளோடு செங்கல்பட்டுக்குப் போய்விட்டார். ஆனால் அந்தப் பகலின் பிரமிப்பு என்னிடம் அப்படியேதான் இருக்கிறது.

“தோ! தோ! அதான் எங்கம்மா!”

கறுத்த கூந்தலோடு அந்த அம்மா ஒரு தை மாதக் கல்யாணத்தில் நின்றார். நரை விழுந்து ஓர் ஆவணியில் நின்றார். கூடைதான் மாறவில்லை. ஒரு படத்தில் மட்டும் நான்கு பெண்கள் மேடைப் பக்கம் பார்த்து விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் அவர்.

“வூட்டுக்கு வந்தா கால் வலி, இடுப்பு வலின்னுவா. இங்க இன்னா சிரிப்பு பாருக்கா! இதான் வோணும்.”

எடிட்டரம்மா அவரைத் தனியாக வெட்டி எடுக்கப் பார்த்தார், முடியவில்லை. “தம்பி, அம்மா கை பக்கத்துல கீறவங்க தோள்மேல கீது. வெட்டினா கை போயிடும். மத்த மூணு பேரும் உயிரோட கீறாங்களா?”

“நல்லா கீறாங்க.”

“அப்ப எப்பிடி சாவு பேனர்ல போடறது? அடிக்க வருவாங்க.”

மகன் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “கை போவக்கூடாதுக்கா. அந்தக் கையாலதான் எங்களுக்குச் சோறு போட்டா.”

ஜெபத்தன்று நானும் எடிட்டரம்மாவும் போயிருந்தோம். ஆலயத்துக்குத் திரும்பும் முனையில், கண்ணீர் அஞ்சலி என்ற பெரிய எழுத்துகளுக்குக் கீழே நான்கு பெண்கள் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் எங்களுக்கு முன்பே வந்து, இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டு மகனைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டிருந்தார்.

“ஏன்டா, உங்கம்மா செத்தா உங்கம்மாவப் போடு. என்ன ஏன்டா சேத்து அனுப்பற? காலைல கூட ரெண்டு தபா நாஷ்டா துன்னேன்!”

கூட்டம் சிரித்தது. மகன் சிரிக்கவில்லை. “உன் தோள்மேல அம்மா கை கீது சின்னம்மா. வெட்ட மனசு வரல. நீ வேணாம்னா இப்பவே கயட்டிடறேன்.”

அந்தப் பெண் பேனருக்கு நெருங்கிப் போனார். “இதுல நான் எது?”

மகன் தொட்டுக் காட்டினார். அவர் தன் முகத்தைக் கொஞ்ச நேரமே பார்த்தார். பிறகு விரல் தோளுக்கு வந்து, அங்கிருந்து அந்தக் கை வழியாகவே நகர்ந்து தோழியின் முகத்துக்குப் போனது. “அன்னிக்கு மாப்பிள்ளைக்கு வேட்டி அவுந்துட்ச்சி. இவதான் மொதல்ல பார்த்தா. என் தோள அமுக்கிக்கினு…” சொல்ல முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கண்ணிலிருந்து நீர் கொட்டியது. அந்தக் கல்யாணத்தில் நானும் முன்வரிசையில் இருந்தேன். முகூர்த்த நேரம் வரை குறித்து வைத்திருக்கிறேன். இது எனக்குத் தெரியாது.

மகன் பேனரின் கயிற்று முடிச்சைத் தேடிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் திரும்பிப் பார்த்தார்.

“அத்தத் தொட்ட, கைய ஒடிப்பேன். இருந்துட்டுப் போவட்டும் வுடு. தனியா நிக்க வெச்சா அவளுக்குச் சிரிப்பு வராது.”