எம்.டி. வேடத்துக்கு ஒரு அம்மா நடிகை

சினிமாவில் மேனேஜர் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான். மழையைச் சமாளிக்கலாம், கரண்ட் போனால் சமாளிக்கலாம், கால்ஷீட் தகராறைக்கூடப் பேசித் தீர்க்கலாம். சகுனம் பார்க்கும் புரொடியூசரைச் சமாளிப்பதுதான் பெரும்பாடு.

அன்று ஒரகடத்தில், கார் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் எங்களுக்கு முதல் நாள் ஷூட்டிங். வார விடுமுறை நாளில் மட்டும்தான் உள்ளே விடுவார்கள். எங்கள் பறக்கும் ஹீரோ படம் நன்றாக ஓடியதால் இரண்டாம் பாகம் எடுத்துக்கொண்டிருந்தோம். முதல் பாகத்தில் ஹீரோவுக்கு அம்மாவாக நடித்து, கதையில் செத்துப்போனவர் குமுதவல்லி அம்மா. டைரக்டர் இந்த முறை கதையைத் திருப்பிவிட்டார். அம்மா சாகவே இல்லை. பெரிய தொழிற்சாலைக்கு எம்.டி.யாகி, பெற்ற மகனையே ஒழித்துக்கட்டப் பார்க்கிறாள். முதல் சீனிலேயே மகனுக்கும் அது தெரிந்துவிடும்.

புரொடியூசருக்கு இது பிடிக்கவில்லை. “அழுவுறதுக்குன்னே பொறந்த மூஞ்சிய்யா அது. அதப் பாத்து எவன் பயப்படுவான்? பம்பாய்லேர்ந்து ஒரு பொண்ணக் கூட்டியாந்துடலாம்” என்றார். டைரக்டர் விடவில்லை. கடைசியில், முதல் நாள் ஒரு ஷாட் எடுத்துப் பார்ப்பது, சரிப்படாவிட்டால் ஆளை மாற்றுவது என்று முடிவானது.

இதை அந்த அம்மாவிடம் போய்ச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. “வரேன் தம்பி. அழுது அழுதே இத்தனை வருஷம் ஓடிப்போச்சு. இந்த மாதிரி ஒரு வேஷம் இப்பதான் வருது. இது கை நழுவிச்சுன்னா இன்னொண்ணு வராது” என்றார்.

ஷூட்டிங் அன்று காலை அவர் காரிலிருந்து இறங்கி உள்ளே வந்தார். ஒரு மூலையில் ஹீரோ தங்கும் அறையை செட் போட்டிருந்தோம். அதன் சுவரில் அவருடைய போட்டோ. அதற்கு ரோஜா மாலை, பொட்டு, கீழே மினுக் மினுக்கென்று சிவப்பு பல்பு.

ஆர்ட் டிபார்ட்மென்ட் தண்டபாணியைப் பிடித்தேன். “இன்னா சார், மொத பார்ட்ல அம்மா பூட்டாங்க. ரெண்டாவது பார்ட்ல போட்டோ தானே? எந்தப் படத்துல சார் இல்ல?” என்று என்னையே திருப்பிக் கேட்டார். கதையை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. எங்கள் தொழிலில் அதைச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது.

புரொடியூசர் முகம் வெளுத்துவிட்டது. “மொத நாளு, மொத ஷாட்டு, உயிரோட இருக்கிற ஆளுக்கு மாலை! சகுனமே சரியில்லய்யா. அந்தம்மாவ மரியாதையா அனுப்பிச்சுடு” என்றார்.

தொழிற்சாலையின் முதலுதவி அறையில் அவருக்கு மேக்கப் நடந்துகொண்டிருந்தது. போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் பாதி மேக்கப்போடு எழுந்து நேராகப் புரொடியூசரிடம் போனார்.

“உங்க கம்பெனி படத்துலயே எனக்கு எத்தனை தடவை மாலை போட்டிருக்கீங்க முதலாளி? அதெல்லாம் நல்லாத்தானே ஓடுச்சு? நான் செத்தா ராசி, உயிரோட வந்தா சகுனத்தடையா?”

குரல் ஏறவில்லை. புரொடியூசர் தரையைப் பார்த்துக்கொண்டு, “சரிம்மா, ஒரே ஒரு ஷாட்டு” என்றார்.

மெஷினை ஓட்டத் தெரிந்தவர்கள் வேண்டும் என்பதால், அந்தத் தொழிற்சாலை ஆட்களையே யூனிஃபார்மோடு நிறுத்தியிருந்தோம். எம்.டி. லைனில் நடந்து வருவார், யாரும் நிமிர்ந்து பார்க்கக்கூடாது, அவரவர் வேலையைச் செய்ய வேண்டும். அவ்வளவுதான் ஷாட். டைரக்டர் இதை இரண்டு முறை விளக்கினார்.

குமுதவல்லி அம்மா வந்தார். முறைக்கவில்லை, மிரட்டவில்லை. இன்ஸ்பெக்‌ஷன் மேஜை அருகே நின்று ஒரு பாகத்தை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். பிறகு அதைத் தள்ளி வைத்தார். மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த சூப்பர்வைசர் ஏழுமலை, பக்கத்துக் கிராமத்துக்காரர், சட்டென்று எழுந்து தொப்பியைக் கழற்றிவிட்டார்.

“கட்! யோவ், யாருய்யா உன்னை எழுந்திருக்கச் சொன்னது?” என்று டைரக்டர் கத்தினார்.

“நீ சொன்னதெல்லாம் ஞாபகம் வச்சிகினு தான் சார் குந்தினு இருந்தேன். அவங்க வந்து நின்னாங்களா, காலு தானா எழுந்துகிச்சு. நம்ம பீஸ் ரிஜெக்ட்டுன்னு நெனச்சிட்டேன் சார்.”

செட்டே சிரித்தது. புரொடியூசர் சிரிக்கவில்லை. லைனில் இருந்த மற்றவர்களைப் பார்த்தார். பாதிப் பேர் மெஷினை விட்டுக் கையை எடுத்திருந்தார்கள்.

“ஒன்ஸ் மோர் போலாமா?” என்று கேட்டபடி அந்த அம்மா திரும்பி வந்தார். முகத்தில் கவலை அப்படியே தெரிந்தது. ஷாட் கெட்டுவிட்டது, வாய்ப்பும் போயிற்று என்றுதான் நினைத்திருக்கிறார்.

“வேணாம்மா. இதுவே இருக்கட்டும்” என்றார் புரொடியூசர். அதைச் சொல்லும்போது அவரும் நாற்காலியை விட்டு எழுந்து நின்றிருந்தார்.

அதற்குப் பிறகு எத்தனையோ படங்களுக்கு ஆள் தேர்வில் உட்கார்ந்திருக்கிறேன். வேடம் பொருந்துகிறதா என்று நடிக்கிறவர் முகத்தில் தேடுவதை அன்றோடு விட்டுவிட்டேன். எதிரே இருக்கிறவர் என்ன செய்கிறார் என்று பார்ப்பேன்.