மூலையிலிருந்து நகர்ந்த பொத்தான்

சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தபோது என் கம்ப்யூட்டர் தானாக நின்று தானாக எழுந்து, புது முகத்தோடு உட்கார்ந்திருந்தது. அப்டேட் ஆகிவிட்டதாம். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வழக்கம்போல மவுஸைக் கீழே இடது மூலைக்குத் தள்ளி அழுத்தினேன். ஸ்டார்ட் மெனு வரவேண்டிய இடத்தில் வானிலையும் கிரிக்கெட் செய்தியும் பாதித் திரையை அடைத்துக்கொண்டு விரிந்தன. ஸ்டார்ட் பொத்தானை மூலையிலிருந்து பிடுங்கி, திரையின் அடியில் ஓடும் பட்டையின் நடுவில் கொண்டுபோய் வைத்திருந்தார்கள். என் வேலை போய்விடும் என்று நினைத்தேன்.

ஒரு பொத்தான் நகர்ந்ததற்கா வேலை போகும் என்று கேட்பீர்கள். எனக்குப் போகும். எனக்குக் கண்ணில் கோளாறு. விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துகொண்டு வருகிறது என்று பெங்களூரு டாக்டர் சொல்லியிருந்தார். நேராகப் பார்த்தால் பார்க்கும் இடம் மட்டும் கலங்கிவிடும், ஓரங்கள் தெரியும். ஒருவரின் மூக்கைப் பார்த்தால் காது தெரியும், மூக்கு தெரியாது. முழுக் குருடாகிவிட மாட்டீர்கள் என்று அவர் ஆறுதல் சொன்னார். நல்ல ஆறுதல். விஷயம் எனக்கும் டாக்டருக்கும் என் வீட்டுக்காரருக்கும் மட்டும்தான் தெரியும்.

ஓசூர் தொழிற்பேட்டையில் வண்டி உதிரிபாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் நான் டிஸ்பாட்ச் பார்க்கிறேன். சரக்கு ஏறிய லாரிக்குப் பில் போட்டு அனுப்புவது என் வேலை. விருதுநகர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்து, பேக்கிங்கில் நின்றுகொண்டே வேலை பார்த்து, அடித்துப் பிடித்து வாங்கிய நாற்காலி இது. எங்கள் ஊர் எல்லையில் இருப்பதால் சரக்கு இரண்டு பக்கமும் போகும். தமிழ்நாட்டுக்குள் போகும் லாரிக்கு ஒரு வகை வரி, ஜூஜூவாடி செக்போஸ்ட் தாண்டி கர்நாடகா போகும் லாரிக்கு வேறு வகை வரி. அதனால் ஒரே பில்லிங் புரோகிராமை இரண்டு தடவை திறந்து வைத்துக்கொள்வோம், இந்தப் பக்கத்துக்கு ஒன்று, அந்தப் பக்கத்துக்கு ஒன்று. உள்ளே இரண்டும் அச்சு அசல் ஒன்றுபோலவே இருக்கும். கீழே பட்டையில் எழுதியிருக்கும் பெயர்தான் வித்தியாசம்.

பழைய திரையில் எனக்குக் கண்ணே தேவைப்படவில்லை. மவுஸைக் கண்ணை மூடிக்கொண்டு தள்ளினாலும் மூலையில் போய் முட்டி நிற்கும். அங்கிருந்து வலப்பக்கம் ஒரு சின்ன நகர்த்தல், நம்மூர் பில். இன்னொரு நகர்த்தல், கர்நாடகா பில். சந்தேகம் வந்தால் முகத்தைக் கொஞ்சம் திருப்பி, கண்ணின் ஓரத்தால் பெயரைப் படித்துக்கொள்வேன். என்ன மேடம், கம்ப்யூட்டரோடு கோபமா, ஓரக்கண்ணால் பார்க்கிறீர்கள் என்று ஆபீஸில் கேலி செய்வார்கள். நானும் சேர்ந்து சிரித்து வைப்பேன்.

அஞ்சறைப் பெட்டி மாதிரி எனக்குக் கைப்பழக்கமாக இருந்ததை இப்போது யாரோ கலைத்துவிட்டார்கள். பொத்தான்கள் நடுவில் இருந்தன, அங்கேயும் ஒரு இடத்தில் நிற்கவில்லை. புதிதாக எதையாவது திறந்தால் எல்லாம் இடப்பக்கம் நகர்ந்து உட்கார்ந்தன. என் இரண்டு பில்களும் ஒரே படத்துக்குள் ஒளிந்துகொண்டன, பெயரே இல்லை. அந்தப் படத்தின் மேல் மவுஸை வைத்தால் தபால் தலை அளவில் இரண்டு குட்டித் திரைகள் எழும்பின. இரட்டைப் பிள்ளைகளில் எது மூத்தது என்று நான் எப்படிச் சொல்வேன்?

எழுத்தைப் பெரிதாக்கும் வசதி இருப்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் எங்கள் ஆபீஸ் ஒரே கூடம். என் திரையில் எழுத்து இட்லி அளவுக்கு வந்தால் டீ கொண்டுவருபவர் வரை காரணம் கேட்பார்கள். இன்ஸ்பெக்‌ஷனில் ஒருவர் இருந்தார், பொருளில் கீறல் பார்த்துத் தள்ளுபவர். அந்தப் பிரிவுக்கு மட்டும் வருடாவருடம் நடக்கும் கண் பரிசோதனையில் அவருக்குப் பார்வை குறைந்தது தெரிந்ததும் மரியாதையாகத்தான் பேசினார்கள். பேக்கிங்குக்கு மாற்றினார்கள், அப்புறம் வாசல் கேட்டுக்கு, அப்புறம் அவருடைய கான்ட்ராக்டைப் புதுப்பிக்கவில்லை. யாரும் அவரைத் திட்டவில்லை, யாரும் அவரைத் தேடவும் இல்லை. என் வீட்டுக்காரர் கம்பெனியில் ஷிஃப்டைக் குறைத்துவிட்டார்கள். நானும் வீட்டில் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று யோசிக்கவே பயந்தேன். மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள். எனக்கு வழி முழுக்கப் பயம்.

பயந்தபடியே அந்த வாரம் ஒரு தப்பு நடந்தது. கர்நாடகாவில் இருக்கும் ஜிகனிக்குப் போகிற லாரியின் எண்ணை, ஸ்ரீபெரும்புதூருக்குத் தயாராக இருந்த நம்மூர் பில்லில் போட்டு அனுப்பிவிட்டேன். ஸ்ரீபெரும்புதூர் என்று அச்சடித்த காகிதத்தோடு வண்டி கர்நாடகாவுக்குள் போய், வழியில் வரிச் சோதனைக்காரர்கள் பார்த்திருந்தால் சரக்கோடு வண்டியைப் பிடித்து வைத்திருப்பார்கள். நல்ல காலம், டிரைவர் பாகலூர்க்காரர். வீட்டில் தெலுங்கு, ரோட்டில் கன்னடம், எங்களிடம் தமிழ் என்று மூன்றையும் கலந்து பேசுபவர். கேட்டைத் தாண்டுமுன் காகிதத்தைப் புரட்டிப் பார்த்து, வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார்.

"அக்கா, நா போறது ஜிகனி. இதுல வேற ஊரு இருக்குது. கொஞ்சம் நோடிட்டுப் போடுங்க" என்றார்.

கன்னடத்தில் நோடு என்றால் பார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார், எனக்குத்தான் கண்டுபிடித்துவிட்டாரோ என்று பட்டது. அப்டேட் வந்ததிலிருந்து எல்லாம் தலைகீழ் என்று சத்தமாகவே கம்ப்யூட்டரைத் திட்டிக்கொண்டு வேறு பில் போட்டுக் கொடுத்தேன். கூடத்தில் இருந்த எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். அப்போதுதான் ஒன்று புரிந்தது. திட்டுவது எல்லோருக்கும் பொது. அதற்குள் நான் ஒளிந்துகொள்ளலாம்.

புலம்பல் அதிகமானதும் சிஸ்டம்ஸ் மேனேஜர் எங்களை டிரெயினிங் அறையில் கூட்டினார். என்னென்ன மாற்றம் வேண்டும் என்று சொன்னால் தன்னால் முடிந்ததைச் செய்வதாகவும், மற்றதைத் தயாரித்தவர்களுக்கு எழுதிப் போடுவதாகவும் சொன்னார். கல்யாண வீட்டில் சாம்பார் சரியில்லை என்பதுபோல ஆளாளுக்கு ஆரம்பித்தார்கள். அக்கவுண்ட்ஸ்காரருக்குப் பட்டை திரையின் மேலே வேண்டும், முன்பு அப்படித்தான் வைத்திருந்தாராம். ஸ்டோர்ஸ்காரருக்கு வலது பக்கம் அழுத்தினால் பழைய மெனு முழுசாக வரவேண்டும். என் பக்கத்து நாற்காலியில் இருப்பவள் குவாலிட்டி ரிப்போர்ட் போடுபவள், வேப்பனப்பள்ளிப் பெண். ரிப்போர்ட் பாதியில் இருக்கும்போது அதுவாக நின்று எழக்கூடாது என்றாள். இன்னொருவருக்குக் கடிகாரத்தில் நொடி தெரிய வேண்டும். நொடியை வைத்துக்கொண்டு என்ன செய்வார் என்று யாரும் கேட்கவில்லை.

என் முறை வந்தது. "எல்லாம் மூலையிலேயே இருக்கணும் சார். அப்பறம் ஒவ்வொண்ணுக்கும் பேரு எழுதியிருக்கணும்" என்றேன்.

அவர் சிரித்தார். "படம்தான் இருக்குதுங்களே மேடம். பாத்து அழுத்த வேண்டியதுதான?"

அறையில் எல்லோரும் என் கண்ணையே பார்ப்பதுபோல இருந்தது. அதற்குள் அக்கவுண்ட்ஸ்காரர், மேடம் சொல்வதுதான் சரி, எனக்கும் பெயர் வேண்டும் என்று மேஜையைத் தட்டினார். பெயர் வேண்டும் என்று இன்னும் நாலு குரல்கள் எழும்பின. என் பயத்துக்கு அவர்களை அறியாமலே கூட்டணி சேர்ந்துவிட்டார்கள். அப்படியே அழுதுவிடுவேனோ என்று இருந்தது.

பொத்தான்களை இடது மூலைக்குத் தள்ள ஏற்கெனவே வழி இருந்தது, அன்றைக்கே செய்து கொடுத்தார். இரண்டு பில்களையும் பெயரோடு பிரித்து வைக்க மட்டும் வழி இல்லை, அது அடுத்த அப்டேட்டில் வந்தால்தான் உண்டு என்றார். அது வரும் வரை நானே ஒரு ஏற்பாடு செய்துகொண்டேன். ஒரு நேரத்தில் ஒரு பில்லைத்தான் திறப்பேன். கர்நாடகா லாரி வந்தால் நம்மூர் பில்லை மூடிவிட்டு அதைத் திறப்பேன். வேலை மெதுவானது. லாரிகள் கேட்டில் காத்துக்கொண்டு ஹாரன் அடித்தன. பெயர் வந்துவிடட்டும் சார், பறக்கிறேன் என்று சூப்பர்வைசரிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன். வேண்டிக்கொள்ள எத்தனையோ இருக்க, சந்திரசூடேஸ்வரர் மலையேறி ஒரு அப்டேட்டுக்காக வேண்டிக்கொண்ட ஆள் அநேகமாக நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

இதற்கு நடுவில் பேருந்தின் பலகை தெரியாமல், நடத்துனர் ராயக்கோட்டை, ராயக்கோட்டை என்று கத்துவதைக் கேட்டு ஏற ஆரம்பித்தேன். பலகை அழுக்கு என்று நினைத்துக்கொண்டேன். அப்படித்தான் நினைக்க விரும்பினேன்.

கடைசியில் அந்த அப்டேட் வந்தது. காலையில் கூடம் முழுக்கத் திருவிழா மாதிரி இருந்தது. பட்டை மேலே போகவில்லை என்றாலும் அக்கவுண்ட்ஸ்காரர் எழுந்து நின்று, மேடம், நீங்கள் கேட்ட பெயர் வந்துவிட்டது என்று அறிவித்தார். சிஸ்டம்ஸ் மேனேஜர் முதல் ஆளாக என் இடத்துக்கு வந்து மாற்றி வைத்து, இனிமேல் குறை சொல்லக்கூடாது என்று சிரித்துவிட்டுப் போனார். நான் இரண்டு பில்களையும் திறந்தேன். மறந்தே போயிருந்த சந்தோஷம் அது. நடுவில் புரோகிராம் நின்றுபோய், இரண்டும் தானாக மறுபடி திறந்துகொண்டன. வரிசை மாறியிருக்கும் என்று தெரியும். பரவாயில்லை, பெயர்தான் இருக்கிறதே என்று முகத்தை இடப்பக்கம் திருப்பினேன்.

பட்டையில் இரண்டு நீளமான கட்டங்கள் தெரிந்தன. உள்ளே வெள்ளையாக ஏதோ ஊர்ந்தது. முகத்தை வலப்பக்கம் திருப்பினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டேன். மூக்கு திரையில் இடிக்கும் அளவுக்குக் குனிந்தேன். பெயர் இருந்தது. என்னால் அதைப் படிக்க முடியவில்லை.

வெளியே ஜிகனி லாரி நின்றுகொண்டிருந்தது. குத்துமதிப்பாக ஒன்றை அழுத்திவிடலாமா என்று கை போனது. பாகலூர் டிரைவர் ஒவ்வொரு முறையும் காகிதத்தைப் புரட்டிப் பார்ப்பாரா? கையை எடுத்துக்கொண்டு பக்கத்து நாற்காலியைக் கூப்பிட்டேன்.

"இந்த ரெண்டுல எது கர்நாடகான்னு படிச்சுச் சொல்லேன்."

அவள் எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "என்னங்க்கா, பேரு வேணும் பேரு வேணும்னு கேட்டதே நீங்கதான" என்றவள், நான் திரைக்கு எவ்வளவு கிட்டே இருக்கிறேன் என்பதைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். இடப்பக்கம் இருப்பது கர்நாடகா என்று மெல்லச் சொன்னாள். நான் அதைத் திறந்து வண்டி எண்ணைப் போட்டேன். அவள் தன் வேலைக்குத் திரும்பவில்லை. நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு, யாருக்கும் கேட்காத குரலில் கேட்டாள்.

"எத்தன நாளாங்க்கா இப்படி?"

பில் அச்சாகி வெளியே வந்தது. ஊர்ப் பெயரை ஒரு தடவை படித்துப் பார்த்துவிட்டு, அவளே அதை எடுத்துக்கொண்டுபோய் டிரைவரிடம் கொடுத்தாள்.